அந்தப் பேய்ப் புள்ள வர்ற இடம்

சிங்காநல்லூரில் ஒரு தியேட்டர் வாசலில், தொப்பியும் கறுப்பு மாஸ்க்குமாக, யாருடைய கேமராவுக்கோ விளக்குப் பிடித்து நின்றுகொண்டிருந்தான் சுரேந்தர். உள்ளே ஓடிக்கொண்டிருந்த படத்தின் டைரக்டரே அவன்தான் என்று சொன்னால் அங்கே பாப்கார்ன் விற்றவர்கூட நம்பியிருக்க மாட்டார்.

சென்னையில் யார் யாருக்கோ உதவியாளனாகக் குப்பை கொட்டிவிட்டு அவன் எடுத்த முதல் படம், 'ஏழாம் கொத்தளம்'. எழுநூறு வருஷத்துக்கு முந்தைய கோட்டை, அதற்குள் சாபம் பிடித்த ஒரு வாள், அதைத் தேடிப் போகும் நாலு வீரர்கள், வழியெல்லாம் பேய். வெள்ளிக்கிழமை வெளியானது. இன்று ஞாயிறு.

தன் படத்துக்குத் தானே திருடன் மாதிரி வந்து நிற்பதற்குக் காரணம் இருந்தது. காலையில் தயாரிப்பாளர் கூப்பிட்டுவிட்டார். தானியக் கிடங்கில் ஒரு பேய்ப் பெண் வருகிறாளே, அந்தப் பகுதி முழுக்கத் தூக்க வேண்டும். படம் அங்கேதான் படுத்துக்கொள்கிறது என்றார். சாயங்காலத்துக்குள் சரி என்றால், செவ்வாய்க்கிழமையிலிருந்து எல்லாத் தியேட்டரிலும் வெட்டிய படம் ஓடும். முடியாது என்றால், அடுத்த படம் பற்றிப் பேச அவன் ஆபீசுக்கு வர வேண்டியதில்லை.

வேறு எந்த இடத்தைக் கேட்டிருந்தாலும் வெட்டிக் கொடுத்திருப்பான். இதை எப்படிக் கொடுப்பது? அது அவன் தங்கை லோகப்பிரியா. பதினோரு வயதில் டெங்குவில் போய்விட்டாள். அவன் எப்போது வெளியே போய்விட்டு வந்தாலும் வாசலிலேயே மறித்துக்கொண்டு, கையை நீட்டி, "எனக்கு என்னங்ணா?" என்பாள். ஒரு கடலை மிட்டாயாவது வைக்காமல் வீட்டுக்குள் விடமாட்டாள். படத்தில் வரும் பேய்ப் பெண்ணும் பசியோடு நின்று, போகிற வருகிற வீரர்களிடமெல்லாம் கையை நீட்டி அதையேதான் கேட்கிறாள். அவர்கள் பயந்து ஓடுகிறார்கள். நடித்த சிறுமிக்கு அந்த ஒரு வரியை வாயில் வரவழைக்க அவன் பட்ட பாடு யூனிட்டுக்கே தெரியும். ஏன் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. பார்த்தால் அவளுக்கே தெரியும், சந்தோஷப்படுவாள் என்று இருந்துவிட்டான். தெய்வாத்தாள் வெள்ளிக்கிழமையே அக்கம்பக்கத்துப் பெண்களோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள், "நல்லா இருக்குது கண்ணு" என்று சொல்லிவிட்டு மாவு கரைக்கப் போய்விட்டாள்.

கொங்குப் பக்கத்து இந்த 'நல்லா இருக்குது' இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு ஒரு முடிவும் எடுக்க முடியாது. கல்யாண வீட்டில் உப்பில்லாத சாம்பாருக்கும் அதுதான். பொண்ணைப் பிடிக்காமல் எழுந்து போகிற மாப்பிள்ளை வீட்டார் சொல்வதும் அதுதான். எதிரே நிற்கிறவர் மனசு நோகக் கூடாது, அவ்வளவுதான். இங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? அதனால்தான் நண்பனின் தங்கை கனிஷ்காவைப் பிடித்தான். அவள் யூடியூபில் சினிமா விமர்சன சேனல் நடத்துகிறாள். அவள் மைக்கை நீட்டுவாள், அவன் முகத்தை மூடிக்கொண்டு, விளக்குப் பிடித்தபடி கேட்டுக்கொள்வான் என்று ஏற்பாடு.

மதிய ஆட்டம் விட்டது.

"படம் எப்படீங்க?" என்று கனிஷ்கா யாரையும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் இந்த ஊரில் என்ன பதில் வரும் என்று அவளுக்கு அத்துப்படி. "படத்துல இருந்து எதாச்சும் ஒண்ண எடுத்துப்போடலாம்னா எதைங்க எடுப்பீங்க?" என்பதுதான் அவள் கேள்வி.

"வாள் சண்டை எல்லாம் சூப்பருங்க," என்றான் காலேஜ் பையன் ஒருவன். "அந்தப் பேய்ப் புள்ள வர்ற இடந்தாங்க, நான் போயி போண்டா வாங்கிட்டு வந்துட்டேன்." கூட இருந்தவர்கள் கையை நீட்டி, "எனக்கு என்னங்ணா?" என்று இழுத்துச் சொல்லிச் சிரித்தார்கள். சுரேந்தர் விளக்கைத் தரைக்கு இறக்கிவிட்டான்.

"நேரா புடிங்கண்ணா," என்று கனிஷ்கா முணுமுணுத்தாள்.

ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசராக இருக்கும் ஒருவர், அந்தக் காலத்தில் கோட்டைக் கதவு இவ்வளவு லேசாகவா திறக்கும் என்று வெகுநேரம் வருத்தப்பட்டார். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், "பாவமுங்க அந்தப் புள்ள, எனக்கு அழுவாச்சி வந்துருச்சு," என்றாள். சுரேந்தருக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது. ஒரே ஒருத்தி போதும், தயாரிப்பாளரிடம் மல்லுக்கட்ட அவனுக்கு அது போதும். போனை எடுத்தும்விட்டான்.

அப்போதுதான் படியிறங்கி வந்தாள் தெய்வாத்தாள்.

பெருந்துறையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுச் சீருக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையில் கிளம்பியவள். தனியாக வந்தாள். சுரேந்தர் சட்டென்று விளக்குக்குப் பின்னால் குனிந்துகொண்டான். கனிஷ்காவுக்கு அவளைத் தெரியாது. மைக்கோடு போய் நின்றாள்.

"ஏனுங்கம்மா, எதாச்சும் ஒண்ண எடுத்துப்போடலாம்னா எதைங்க எடுப்பீங்க?"

"படம் நல்லா இருக்குதுங்க அம்மணி."

"அது செரிங்கம்மா. ஆனா எடுத்தே ஆகோணும்னா?"

தெய்வாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பேய்ப் புள்ளய எடுத்தறலாமுங்க."

"ஏனுங்க, போரடிக்குதுங்களா?"

"அதில்லீங்க. சின்னஞ்சிறுசா போயிட்ட புள்ளைய நாங்க பேயின்னா சொல்லுவோம்? கன்னிமாரா வெச்சுக் கும்பிடுவோமுங்க. என்ற ஊட்லயும் ஒருத்தி இருக்கறா. வருசா வருசம் புதுப்பாவாட எடுத்து வெச்சு, பொங்க வெச்சு, வவுறு நெறயப் படைக்கறேன். அவளுக்கு ஒரு கொறையும் நான் வெக்கலைங்க." தியேட்டர் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினாள். "இங்க பாத்தா, எழுநூறு வருசமா பசியோட நின்னு கைய நீட்டறா. ஒருத்தன்கூட ஒரு வாயி சோறு போடல. பெத்தவ பாத்தா வவுறு எரியாதுங்களா?"

கனிஷ்கா மைக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். "படம் எடுத்தவருகிட்ட எதாச்சும் சொல்றீங்களாம்மா?"

"அய்யோ, சொல்லிப்போடாதீங்க அம்மணி! பாவம், சோறு தண்ணி இல்லாம எடுத்திருப்பாங்க. நல்லா இருக்குதுன்னே சொல்லிப்போடுங்க."

அவள் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துபோகும்வரை சுரேந்தர் குனிந்தே இருந்தான். ஊரே சிரித்தபோது கோபம்தான் வந்தது. இப்போது வெட்கமாக இருந்தது. தங்கையை எல்லோர் கண்ணிலும் வாழவைத்துவிட்டதாக அத்தனை நாளும் மார்தட்டிக்கொண்டிருந்தான். அம்மா சாமியாக்கி உட்கார வைத்தவளைப் பிச்சைக்கு நிறுத்தியிருக்கிறோம் என்பது அவன் மரமண்டைக்கு ஒருதரம்கூட உறைக்கவில்லையே!

"அந்தம்மா பேசினத மட்டும் போட்டுறாத கனிஷ்கா."

"ஏங்ணா? இன்னைக்கு எடுத்ததுலயே அதுதான்..."

"அவங்க எங்கம்மா, கண்ணு."

கனிஷ்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கேயே அவன் கண் முன்னால் அழித்துவிட்டாள்.

தயாரிப்பாளரை அங்கிருந்தே கூப்பிட்டான். தூக்கிவிடலாம் சார் என்றான். "நான் அப்பவே சொன்னேன்ல? ஜனங்க பல்ஸ் எனக்குத் தெரியும்," என்று அவர் குஷியானார். ஆமாம் சார் என்று வைத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்தபோது தெய்வாத்தாள் அடுப்படியில் இருந்தாள். "சீரு எப்படீங்கம்மா?" என்று கேட்டதற்கு, "நல்லா இருந்துது கண்ணு," என்றபடி தட்டை வைத்துச் சந்தகை பிழிந்து போட்டாள். அவன் இரண்டு வாய் சாப்பிட்டான்.

"அம்மா, படத்துல அந்தப் பேய்ப் புள்ள வர்ற இடத்த எடுத்தறச் சொல்லீட்டனுங்க."

தேங்காய்ப் பாலை ஊற்ற வந்த கை நின்றது.

"எல்லாமேவா?"

"எல்லாமேதானுங்க. இனி ஒருத்தர்கிட்டயும் அவ கை நீட்ட மாட்டா."

தெய்வாத்தாள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் எதிரிலேயே உட்கார்ந்தாள். அவன் தலையைத் தடவினாள். நல்ல காரியம் செய்தாய் என்று சொல்லப் போகிறாள் என்றுதான் சுரேந்தர் நினைத்தான்.

"எப்ப இருந்து கண்ணு?"

"செவ்வாக்கெழம இருந்துங்க."

"நானு வெள்ளிக்கெழம இருந்து தெனமும் படத்துக்குப் போறஞ்சாமி. பாத்தா வவுறு எரியுது. பாக்காமயும் இருக்க முடியல. அந்தக் கொரலு அப்படியே அவ கொரலு." மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள். "நாளைக்குக் காத்தால ஆட்டத்துல இருப்பாளா?"

"இருப்பாங்கம்மா."

"அப்ப ஒருக்கா கூட்டிட்டுப் போ."