தபால் ஜெர்மன்

கறுப்பு மையில் விரலை முக்கி, கார்டுகளின் நாலு மூலையிலும் தடவிக்கொண்டிருந்தாள் கல்யாணி. சாவுக் கடுதாசிக்கு அதுதான் அடையாளம். வந்த வீட்டில் வாசலிலேயே படித்துக் கிழித்துப்போடுவார்கள். வெளியே அவளைப் பெற்ற நைனா நீலமேகத்தைக் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலை மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், அப்புறம் எழுந்திருக்கவேயில்லை.

"சொந்தக்காரனுக்கெல்லாம் எழுதியாச்சில்ல? எய்ந்து வா," என்றார் சித்தப்பா ஜம்புலிங்கம்.

"ஹெல்முட்டுக்கு எழுதணும் சித்தப்பா."

"பொணம் வூட்ல கீது. வெள்ளக்காரனுக்கு இன்னாத்துக்குமே இப்போ?"

இன்னாத்துக்கா! மகாபலிபுரத்தில் படக் கார்டும் ஸ்டாம்பும் விற்றுக்கொண்டிருந்த நைனாவிடம் மூன்று வருஷம் முன்னால் வந்த ஜெர்மன்காரர் அவர். இரண்டு ஸ்டாம்புப் பைத்தியங்களும் ஒட்டிக்கொண்டன. அவருக்கு இங்கிலீஷ் வராது. நைனாவுக்குத் தபால் வார்த்தைகளைத் தவிர வேறு ஜெர்மன் தெரியாது. ப்ரீஃப் என்றால் கடுதாசி, ப்ரீஃப்மார்க்க என்றால் ஸ்டாம்பு, ஆப்ஸெண்டர் என்றால் அனுப்புகிறவர். சோறு தின்னும்போதுகூடக் கல்யாணியைக் கேள்வி கேட்கச் சொல்லி ஒப்பிப்பார்.

போன வாரக் கடுதாசியில் ஒரு ஏரோப்ளேன் படம், பக்கத்தில் தேதி. வருகிறாராம். இன்னும் பதினைந்தே நாள்; கடுதாசி அங்கே போய்ச் சேரவே பத்து நாளுக்கு மேல் ஆகும். இன்றைக்குத் தபால் போகாவிட்டால், மனுஷன் ஆசை ஆசையாக வந்து பூட்டின கடை முன்னால் நிற்பார். அது மட்டும் நடக்கக் கூடாது.

"மூணு மணிக்குப் பை கட்டிடுவாங்கம்மா. குடுத்தா நானே சேத்துடறேன்," என்றார் மாலையோடு வந்திருந்த தபால்காரர் தனகோடி.

தாளை எடுத்தாள். செத்துப்போனார் என்பதற்கு ஜெர்மனில் என்ன? அந்த வார்த்தையை நைனா படிக்கவேயில்லை. படம் போடலாமென்றால், வெளியே கிடப்பவரை வரையக் கை வரவில்லை. ஒரு மூச்சு அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு, தெரிந்ததை வைத்துச் சொல்லுடீ என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

ஆப்ஸெண்டர் என்று ஜெர்மனில் எழுதி, எதிரே நீலமேகம் என்று போட்டாள். அந்தப் பெயரின்மேல் நேராக ஒரு கோடு இழுத்தாள். நாலு மூலையிலும் கறுப்பு தடவினாள்.

"இது அவனுக்கு இன்னா புரியும்?" என்றார் சித்தப்பா.

"ஒரு முத்திரைய வெச்சிகினு ஒம்போது கதை கண்டுபுடிக்கிற மனுசன் அவரு. இது புரியாதா?"

பறைச் சத்தம் ஏறியது. தூக்கப் போகிறார்கள். தாளைக் கவரில் போட்டு ஒட்டி, ஹெல்முட்டின் விலாசத்தை எழுதினாள். தனகோடி கையை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்கண்ணே."

கவரின் பின்பக்கம் அனுப்புகிறவர் பெயருக்கான இடம் காலியாக இருந்தது. கல்யாணி அதில் தன் பெயரை எழுதி, மை காயும்வரை ஊதிவிட்டுக் கொடுத்தாள்.