உரிக்காத தோல்

...இன்னும் ஆழம் வேண்டும், காட்டுப்பன்றி கிளறாத ஆழம், இடுப்பு வரை இறங்கியும் போதவில்லை, மம்பட்டி வேரில் மோதி மோதிக் கை எரிகிறது, எரியட்டும். குழியோரம் கன்று. நேற்று மாலை துள்ளியது, இன்று பின்தொடை வீங்கி விறைத்துக் கிடக்கிறது... விடிகாலையில் தொட்டபோது தோலுக்கடியில் நரநரத்ததே, காய்ந்த ரப்பர் இலையை அழுத்தினாற்போல, அது இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. தோட்டத்துப் பெரிய துரையின் குதிரையைப் பார்க்க ஈப்போவிலிருந்து வந்திருந்த மாட்டு வைத்தியர் இராசையா, சப்பை நோய் என்றார். கொழுத்த கன்றைத்தான் பிடிக்குமாம். ஒரு காம்பைக் கன்றுக்கென்று கறக்காமல் விட்டேனே, அது பிழையா? போகும்போது அவர் சொன்னது: "தோலை உரிச்சுப் போடாதை பிள்ளை. அந்தக் கிருமி மண்ணுக்குள்ள வருசக்கணக்காக் கிடக்கும், பிறகு மாடு, செம்மறி ஒண்டும் மிஞ்சாது. நீயும் நல்லாக் கழுவிப்போட்டுத்தான் பசுவுக்குக் கிட்டப் போகோணும்." கண்ணுக்கே தெரியாத ஒன்று, அதற்குக் காத்திருக்கத் தெரிந்திருக்கிறது...

சன்னாசி அண்ணன் கத்தியோடு வந்து நிற்கிறார், எங்கள் லயத்து வீடுகளில் செத்த மாட்டையெல்லாம் உரிப்பவர். "கன்னு இல்லாம இந்த மாடு சொட்டுப் பால் தராது, தெரியும்லா? தோலக் குடு நல்லம்மா, லாலான் புல்லத் திணிச்சு நிப்பாட்டிர்றேன், அத நக்கிக்கிட்டே சுரக்கும். ஒன் தங்கச்சி புள்ளைக்கு என்னத்த ஊத்துவ, ரப்பர் பாலையா?" வேணாம்ணே என்றேன். துப்பிவிட்டுப் போனார். தங்கை மங்களத்துக்குக் குளிர்காய்ச்சலில் மார் வற்றிவிட்டது, குழந்தை இந்தப் பசுவை நம்பித்தான் கிடக்கிறது, எனக்குத் தெரியாதா? ஆனால் லயத்து மாடுகள், கருப்பம்மாளின் ஆடுகள்... இல்லை, தோல் வேண்டாம். கன்றைத் தோளோடு அணைத்துத் தூக்கி இறக்கினேன், சுண்ணாம்பு கொட்டினேன், மூடினேன், மிதித்தேன், மறுபடி மிதித்தேன்.

தொழுவத்தில் பசு கத்துகிறது, லயத்தில் குழந்தை, இரண்டுக்கும் நடுவே ஓடிவந்து செம்போடு உட்கார்ந்தேன். காம்பு வெறும் தோலாய் வழுக்குகிறது. நாளையும் உட்காருவேன், மறுநாளும், பழகத்தானே வேண்டும் இது... பசு தலையைத் திருப்புகிறது, என் தோளை முகர்கிறது, கன்று சாய்ந்திருந்த தோளை, நக்கத் தொடங்குகிறது, மெதுவாக, சேலை நனைய நனைய, விரலுக்குள் காம்பு கனக்கிறது, செம்பில் சர்ரென்று பால். அப்போதுதான் கண்ணில் படுகிறது, கழுவ எடுத்துவைத்த தண்ணீர் வாளி, வாசலில், தொடாமல். எழுந்து கழுவினால் வாசனை போய்விடும்... குழந்தை அழுகிறது, கை கறந்துகொண்டே இருக்கிறது. தோலைத் தரமாட்டேன் என்றுதானே அத்தனை ஆழம் தோண்டினேன், பிறகு இது என் தோளில் நக்கிக்கொண்டிருப்பது எதை?