நிறுத்தியும் நிற்காத கட்டளை

அலுவலகத்தில் அத்தானை "சார்" என்றுதான் கூப்பிட வேண்டும். அக்காவின் கணவர் என்பதெல்லாம் வாசலோடு சரி. உள்ளே அவர் "தலைமைச் சிந்தனையாளர்". மொத்த நிறுவனமே இரண்டு பேர்தான். அவர் சிந்திப்பதைச் செய்து முடிப்பவள் கொழுந்தியாள்.

அன்று ஒரு நாளிதழ் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் மென்பொருளோடு சேர்ந்து ஓடும் தங்கள் செருகுநிரலை ஓட்டிக் காட்ட வந்திருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் அது கணினிக்குள் ஒரு கட்டளையை ஏவி, பக்கத்தை அச்சுக்கு ஏற்றபடி மாற்றித் தரும். பிடித்துப்போனால் ஒப்பந்தம். இல்லையென்றால் நிறுவனத்துக்குப் பூட்டு.

கட்டளை முப்பது நொடியில் முடியாவிட்டால், அதை நிறுத்திவிட்டு 'நேரம் முடிந்தது' என்று சொல்லும்படி அவள் எழுதியிருந்தாள். முந்தின நாள்தான் அத்தான் அதைப் பிடுங்கி எறிந்தார். "வாடிக்கையாளர் முன்னாடி முடிஞ்சதுன்னு வாய வைக்கலாமா? நம்ம பொருள் எதையும் பாதியில விடாது!"

விடவில்லைதான். மாதிரிப் பக்கமெல்லாம் மரியாதைக் குறைவு என்று, மாலைப் பதிப்பின் முதல் பக்கத்தையே திறந்து அத்தான் பொத்தானை அழுத்தினார். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஆழமா யோசிக்குது" என்றார்.

"யோசிச்சு முடிச்சதும் சொல்லுங்க. கீழ மிஷினும் ஆளுங்களும் சும்மா நிக்கிறாங்க" என்றார் அச்சக மேற்பார்வையாளர்.

அத்தான் அதே பொத்தானை மறுபடி அழுத்தப் போனார்.

"அத்தான், கையை எடுங்க!"

"ஓ, குடும்பமா?" என்றார் மேற்பார்வையாளர்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டளையை நிறுத்தினாள். வட்டம் நின்றது. 'நான் அப்பவே சொன்னேன்' என்பதை எந்தக் குரலில் சொல்லலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடியே பக்கத்தைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. யாரோ பிடித்து வைத்திருப்பதாகக் கணினி சொன்னது.

கணினியில் ஓடுகிற நிரல்களின் பட்டியலை மேலிருந்து கீழே துழாவினாள். அவள் நிறுத்தியது கட்டளையை மட்டும்தான். அது கிளப்பிவிட்ட இன்னொரு நிரல் பக்கத்தைக் கையில் பிடித்தபடி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதையும் நிறுத்திவிட்டு, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கறுப்புத் திரையில் அதைத் தானே ஓட்டினாள். உடனே ஒரு கேள்வி வந்து நின்றது: 'இதே பெயரில் பழைய கோப்பு இருக்கிறது. அழிக்கவா?'

இத்தனை நேரமும் யாருக்கும் தெரியாத இடத்தில் இதையே கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்திருக்கிறது.

"சார், இந்தப் பழசு வேணுமா?"

மேற்பார்வையாளர் குனிந்து பார்த்தார். "நேத்து வெள்ளோட்டம் பார்த்தது. அழிம்மா, சீக்கிரம்!"

அழித்தாள். பக்கம் மாறி, கீழே அச்சுக்கு இறங்கியது. தரை அதிர மிஷின் ஓடத் தொடங்கியது.

"இங்க எடுத்துட்டதா போட்டிருக்கிற முப்பது நொடி வரம்பு இருந்திருந்தா இது நின்னிருக்குமா?" என்று திரையில் ஒரு வரியைக் காட்டிக் கேட்டார் மேற்பார்வையாளர்.

அத்தான் முகம் வெளுத்துப்போனது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஜென்மத்துக்கும் அவர் வாயை அடைத்துவிடலாம். தொண்டை வரை வந்துவிட்டது.

"நின்னிருக்காது சார். நின்னுடுச்சுன்னு பொய் சொல்லியிருக்கும். அது கிளப்பிவிட்டது உள்ள ஓடிக்கிட்டே இருந்திருக்கும். அத நானும் கவனிக்கல."

மேற்பார்வையாளர் தாடையைச் சொறிந்தார். "இப்போ கையெழுத்து கிடையாது. கிளப்பிவிட்டதையும் சேர்த்து நிறுத்துற மாதிரி செஞ்சு கொண்டு வாங்க, பார்க்கலாம். வரும்போது மாதிரிப் பக்கம் போதும்."

படியிறங்கும்போதே அத்தான் அக்காவுக்குப் போன் போட்டார். "பிரமாதம்! திரும்ப வரச் சொல்லிக் கெஞ்சறாங்க!"