டில்லிபாபுவின் காலை எடுக்கச் சொன்னார்கள்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை, கேட்டு வாங்கினார்கள். டோல்கேட் பக்கம் சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் சுஜா, காத்திருப்பவர்கள் படிக்க ஒரு பக்கக் கதை கேட்டார்.

"கதை கடைசியில அந்த ஆளோட காலை எடுத்துடுங்க சார். பயந்தாத்தான் பாதத்தைக் கவனிப்பாங்க."

தலையாட்டினேன். ஆளுக்கு அலையவில்லை. எங்கள் விம்கோ நகர்த் தெருவிலேயே டில்லிபாபு இருந்தார்.

2

'எண்ணூர்க் கடலின் மேல் சூரியன்...' வேண்டாம். கடலுக்கும் காலுக்கும் என்ன தொடர்பு?

மறுபடி. டில்லிபாபு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. ஒருநாள் சாயங்காலம் ஷூவைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நடந்தார். தரையெல்லாம் சிவப்புத் தடம். மனைவி ரமாபாய்தான் பார்த்தார்.

"யோவ், கால்ல இன்னா ரத்தம்?"

"ரத்தமா? எனக்கு ஒண்ணும் தெர்லயே."

ரமாபாய் ஷூவைக் கவிழ்த்தார். ஒரு திருகாணி விழுந்தது. காலையிலிருந்து அதை மிதித்துக்கொண்டேதான் வண்டி ஓட்டியிருக்கிறார்.

(நரம்பு மரத்துப்போவது பற்றி இங்கே ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். திருகாணியே சொல்லிவிட்டது.)

3

நல்ல கதாபாத்திரம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடும். டில்லிபாபு மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். வலிக்காத புண்ணுக்கு லீவு கேட்க வெட்கமாம். நம்பும்படி இல்லையே என்று மாற்றப் பார்த்தேன். எனக்கும் சர்க்கரை இருப்பது நினைவுக்கு வந்ததும் விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் நாள் விரல் கறுத்து வீடே நாறியது. ரமாபாய் ஆட்டோ பிடித்தார். கால் தங்குமா என்று தெரியாமல் இரண்டு நாள் வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனம்... இதை முடிக்கத் தெரியவில்லை. சாப்பிடவில்லை என்பது மட்டும் தெரியும்.

4

டாக்டர் சுஜா கேட்டபடி கதையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டு, ரமாபாயிடம் படித்துக் காட்டினேன்.

"இன்னா சார், அவரு காலை நீ பாட்டுக்கு எட்த்துட்ட? போனது ஒரு வெரலு. மீதிய காப்பாத்த நான் பட்ட பாடு இன்னா ஆவறது?"

விரலைத் தவிர எல்லாவற்றையும் திருப்பி ஒட்டவைத்தேன்.

5

இப்போது சாயங்காலந்தோறும் ரமாபாய் அவர் காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, அடிப்பாதம் முழுக்கப் பார்க்கிறார். ஷூவைத் தட்டிவிட்டுத்தான் தருகிறார். டில்லிபாபு ராஜா மாதிரி காலை நீட்டுகிறார், அவ்வளவுதான்.

போன வாரம் மகளின் பிரசவத்துக்காக ரமாபாய் மாத்தூர் போனார். போகும்போது புருஷன் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். "குனிய முடிலன்னா இத்த கீய வச்சிப் பாரு."

மூன்றாம் நாள் நான் போன் செய்தேன். "தினமும் பாக்கறீங்களா?"

"பாத்துகினுதான் கீறேன் சார்."

பின்னால் கிரிக்கெட் வர்ணனை கேட்டது. அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் பாடு.