நம்பத்தக்க காரணம்

விஜிதரன் அந்தத் தாளை இரண்டு தரம் படித்துவிட்டு மேசையில் வைத்தான். பார் வீதியில் பயண முகவர் நிலையம் நடத்துகிறவன், மட்டக்களப்பிலிருந்து எத்தனையோ பேரை விமானம் ஏற்றிவிட்டவன். இப்படி ஒரு பயணத் திட்டத்தை மட்டும் அவன் கண்டதில்லை.

"மிஸ், கோவிக்காதீங்க. இத எவன் நம்புவான்?"

தக்ஷாயினிக்குச் சுருக்கென்றது. "எத நம்ப மாட்டான்?"

"ஆம்ஸ்டர்டாமில ரெண்டு நாள் ஓவியக் காட்சி. பிறகு பிராக். யூத ஆக்கள்ற பழைய கோயில், யுத்த காலத்து முகாம். வியன்னாவில திரும்பவும் ஓவியம். பன்னிரண்டு நாளும் படமும் செத்த ஆக்களும். ரெண்டு ரீச்சர்மார் இதுக்காகவா இங்க இருந்து போறீங்க?"

"வேற எதுக்குப் போறதாம்?"

"நம்மட ஆக்கள் போறது கலியாணத்துக்கு. இல்லாட்டிச் சாமத்தியச் சடங்குக்கு." மேசை லாச்சியை இழுத்து ஒரு ரோசா நிற அழைப்பிதழை எடுத்துப் போட்டான். பொன் எழுத்து, நடுவில் தெர்மோக்கோல் அன்னத்தின் மேல் ஒரு பிள்ளை. "இதில ஒண்டு வெச்சா ஒரு கேள்வியும் வராது."

அந்தப் பிள்ளை விஜிதரனின் மச்சாளுடைய மகள். ஆறு வருடத்துக்கு முன் வெளிநாட்டில் உண்மையாகவே பெரியபிள்ளை ஆனவள்தான். அதற்குப் பிறகு விஜிதரனின் கணினிக்குள், திகதி மாறி மாறி, வருடத்துக்கு நாலு தரம் ஆகிக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்லிப்போட்டு நான் போக மாட்டன்" என்றாள் தக்ஷாயினி. பக்கத்தில் இருந்த ரிப்கா அழைப்பிதழை மெல்ல அவன் பக்கம் தள்ளிவிட்டாள். காத்தான்குடியில் வரலாறு படிப்பிக்கிறவள். ஆசிரியர் கலாசாலையில் ஒரே வாங்கில் இருந்த காலத்திலிருந்து இருவரும் கூட்டாளிகள். கோபம் வந்தால் தக்ஷாயினியோடு பேசிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும்.

தக்ஷாயினி சித்திர ஆசிரியை. பிராக்கில் இருக்கிற அந்தப் பழைய யூத ஆலயத்தின் சுவர்களில், கொல்லப்பட்ட எழுபத்தெட்டாயிரம் பேரின் பெயர்களைத் தூரிகையால், கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். முகாமில் அடைபட்டிருந்த பிள்ளைகள் கீறிய ஓவியங்களும் அங்கே உண்டு. அவற்றை ஒளித்து வைத்துக் காப்பாற்றியவள் ஒரு சித்திர ஆசிரியை. அவளையும் பிறகு கொன்றுவிட்டார்கள். இதை அறிந்த நாளிலிருந்து தக்ஷாயினிக்கு வேறு ஊர் பார்க்கும் ஆசையே இல்லாமல் போயிற்று.

அவளுடைய அண்ணன் தில்லைநாதனைத் தொண்ணூறாம் ஆண்டு, பத்தொன்பது வயதில், பஸ்ஸால் இறக்கிக் கொண்டுபோனார்கள். அவன் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. விசாரணை என்று ஒவ்வொரு குழு வந்தபோதும் அம்மா அவன் பெயரை எழுதிக் கொடுத்தாள், ஆறு தரம். ஆறு பற்றுச்சீட்டும் பத்திரமாக இருக்கின்றன. அதே வருடம் ரிப்காவின் வாப்பாவைத் தொழுகையில் வைத்துச் சுட்டார்கள். யாருடைய ஆக்கள் கொண்டுபோனது, யாருடைய ஆக்கள் சுட்டது என்று இருவரும் ஒருவரையொருவர் குத்திக் கேட்டதில்லை. கேட்காமல் இருக்கப் பழகுவதற்கே பல வருடம் எடுத்தது.

ஆகவே தூதரகத்துக்குக் கொடுத்த கடிதத்தில் தக்ஷாயினி எல்லாவற்றையும் எழுதினாள். அண்ணனின் பெயரையும் எழுதினாள். ஏழாவது தரம்.

ஒரு மாதத்தில் விசா இல்லை என்று பதில் வந்தது. அச்சடித்த தாளில் ஒரு பெட்டிக்குள் பெருக்கல் குறிபோல் புள்ளடி. பயணத்தின் நோக்கம் நம்பத்தக்கதாக இல்லையாம்.

"நம்பத்தக்கதாக இல்லையாமே!" தாளை விஜிதரனின் மேசையில் அடித்தாள். "இங்க வாற வெள்ளைக்காரனுகளிட்ட ஆராவது நோக்கம் கேட்டதா? சண்டை முடிஞ்ச கையோட வந்து, எரிஞ்ச வீட்டப் படம் புடிச்சான், வாசலில இருந்த எங்கட அம்மாவப் படம் புடிச்சான். அவன் வந்தா ஆராய்ச்சி. நான் போனா ஒளிச்சிருந்து கோப்பை கழுவவோ? லேகியம் விக்கப் போறன் எண்டா நம்பியிருப்பானுகள். படம் பார்க்கப் போறன் எண்டா நம்ப ஏலாதாம். எங்களுக்குக் கண் இல்லையா?"

விஜிதரன் தாளை எடுத்து மடித்து வைத்தான். "இன்னொருக்காப் போடுவம் மிஸ். நான் வடிவாச் செய்யிறன்" என்றான். அடுத்த கிழமை அவள் நிலையத்துக்கு வந்தபோது படிவங்களை அடுக்கி நீட்டினான். எல்லாப் படிவத்திலும் பென்சிலால் சின்னப் புள்ளடி. "இந்த இந்த இடத்தில மட்டும் வைங்க." அவனிடம் எல்லாரும் கையெழுத்து வைப்பது அப்படித்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்த களைப்பு, வெளியே ஓட்டோக்காரன் ஹோன் அடிக்கிறான். பிள்ளைகளின் கொப்பியில் ஒரு கோடு பிழைத்தாலும் விடாதவள், படிக்காமல் பதினொரு இடத்தில் கையெழுத்து வைத்தாள்.

விசா கிடைத்தது, இருவருக்கும்.

செய்தி கேட்டு ரிப்கா காத்தான்குடியிலிருந்து மஸ்கற் இனிப்பு டப்பாவோடு வந்தாள். தக்ஷாயினி கடவுச்சீட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள். "பார்த்தீங்களா, உண்மை வெண்டிட்டுது" என்று விஜிதரனிடம் சொன்னாள். அவன் மஸ்கற்றைக் கடித்துக்கொண்டு தலை குனிந்தான். அந்தக் குனிவு அவளுக்குப் பிடிக்கவில்லை. விண்ணப்பக் கோவையை இழுத்துப் புரட்டினாள்.

அவளுடைய கடிதம் அதில் இல்லை. அந்த இடத்தில் ரோசா நிறத்தில், பொன் எழுத்தில், அன்னத்தின் மேல் அந்தப் பிள்ளை இருந்தாள். நோக்கம் என்ற கட்டத்தில் "உறவினர் இல்லச் சடங்கு". கீழே தக்ஷாயினியின் அழகான கையெழுத்து.

"உங்களுக்கு வெக்கம் இல்லையா?"

"மிஸ், நீங்க போகோணும் எண்டுதானே..."

"என்ட அண்ணன்ர கதைய எடுத்துப்போட்டு இதையா வெச்சீங்க?"

"அத வெச்சுத்தானே முதல் தரம் விழுந்தது!" என்றான் விஜிதரன். "அத அவன் நம்பேல்ல மிஸ். இத நம்பினான். நான் என்ன செய்யிற?"

தக்ஷாயினி எழுந்து வெளியே போய்விட்டாள். ரிப்கா பின்னால் ஓடிவந்து பிடித்தபோது வாவிக்கரைக் கட்டில் இருந்தாள், முகமெல்லாம் சிவந்து. கடவுச்சீட்டைத் திருப்பி அனுப்பப் போவதாகச் சொன்னாள். தூதரகத்துக்கு உண்மையை எழுதப் போவதாகவும் சொன்னாள்.

"எழுதுகா. எழுதினா ரெண்டு பேரும் இங்கதான்" என்றாள் ரிப்கா. மூச்சு வாங்கியது. "ஒண்டு கேக்கன். அங்க தப்பின யூத ஆக்களில எத்தின பேர் பொய்க் கடுதாசியில தப்பினவங்க தெரியுமா? பேர் மாத்தி, ஊர் மாத்தி. அந்தக் கடுதாசியெல்லாம் இப்ப கண்ணாடிப் பெட்டிக்குள்ள மரியாதையா இரிக்கி. நாம டிக்கெட் எடுத்துப் பார்க்கப் போறது அதையுந்தான் புள்ள."

தக்ஷாயினி பாலத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாலத்தில் வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன.

"பஸ்ஸில அண்ணன் காட்டினது உண்மையான அடையாள அட்டை" என்றாள் பிறகு.

இத்தனை வருடத்தில் ரிப்கா இதைக் கேள்விப்பட்டதில்லை.

"கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லு மகன் எண்டு அம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லி விட்டவ. சொன்னவர். பேர் சரி, ஊர் சரி, வயசு சரி. ஒரு சொல் பொய் இல்ல. எல்லாம் சரியா இருந்தபடியாத்தான் வண்டியில ஏத்தினவனுகள்."

ரிப்கா அவள் கையைப் பிடித்தாள். அவள் விடுவித்துக்கொண்டு, கண்ணைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். அழுகையை விடக் கோபமே அதிகமாக இருந்தது.

"போவம். எயாப்போட்டில கேட்டாச் சாமத்திய வீடு எண்டே சொல்றன். நாலு கதை கூடவும் சொல்றன். அண்ணன்ர பேர மட்டும் இனி ஒரு மேசைக்கும் எழுதிக் குடுக்க மாட்டன். நம்ப மாட்டன் எண்டவனுக்கு அந்தப் பேர் எதுக்கு? அந்தச் சுவருக்கு முன்னால நிண்டு சொல்றன். அதுக்கு ஆரும் காரணம் காட்டத் தேவையில்ல."