ஆளுக்கொரு சொட்டு

காலையில் தையல்காரிக்கு இடது கண் திறக்கவே இல்லை. இமை பீளையால் ஒட்டிக் கிடந்தது. வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால், கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. தங்கைக்குப் போன் செய்தாள்.

ஐம்பதைத் தாண்டியும் வீட்டில் 'வாண்டு' என்றே பெயர் எடுத்த அந்தத் தங்கை, கையில் பாதி தீர்ந்த கண் சொட்டு மருந்தோடு வந்து நின்றாள்.

"போன வருஷம் எனக்குக் குடுத்தது. ரெண்டே நாள்ல கேட்டுச்சு. தலையை நிமித்து."

"அப்பாவும் இப்படித்தான்டி" என்று சிரித்தாள் அக்கா.

மறக்கக்கூடியதா அது? சின்ன வயதில் அண்ணன் பள்ளிக்கூடத்திலிருந்து கண்வலியைக் கொண்டுவந்தான். அப்பா மூன்று பிள்ளைகளையும் வரிசையாகப் படுக்கவைத்து, ஒரே பாட்டிலோடு முட்டிபோட்டு நகர்ந்து வருவார். நல்ல கண்ணுக்கும் ஒரு சொட்டு. பாட்டில் மூக்கு இமையில் இடிக்கும். ஒரே துண்டால் எல்லா முகத்தையும் துடைப்பார். அண்ணனுக்கு ஆறினால் வாண்டுக்கு வரும். வாண்டுக்கு ஆறினால் அக்காவுக்கு. ஒரே கறுப்புக் கண்ணாடியை முறை வைத்து மாட்டிக்கொண்டு, ஜன்னல் சாத்திய அறையில் வயிறு வலிக்கச் சிரித்துக் கிடந்தார்கள். கடைசியில் அப்பாவுக்கே வந்தது.

"அந்தப் பாட்டில்தான் நோயைச் சுத்தவிட்டுச்சுன்னு பாவம், அவருக்குக் கடைசிவரை தெரியாது. வா, டாக்டர்கிட்டயே போவோம்" என்றாள் அக்கா.

வாண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் கூடவே போனாள்.

கண்ணைப் பார்த்துவிட்டுப் புது மருந்து எழுதிய பெண் மருத்துவர், பழைய பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். "திறந்து ஒரு மாசம் ஆனாலே தூக்கிப் போட்டுடணும்மா. ஒருத்தர் மருந்தை இன்னொருத்தர் தொடவே கூடாது. ஆமா, மிச்சம் எப்படி வந்துச்சு?"

வாண்டு ஃபேனைப் பார்த்தாள்.

"சிவப்பு போனதும் நிறுத்திட்டீங்க! அக்காவாவது நான் சொன்ன நாள் வரைக்கும் போடட்டும். வலி கூடினாலோ பார்வை மங்கினாலோ உடனே வரணும்."

வீட்டுக்கு வந்ததும் வாண்டு கையைச் சோப்பு போட்டுக் கழுவினாள். அக்காவின் கீழ் இமையை மெல்ல இழுத்து, பாட்டில் கண்ணில் படாமல் ஒரு சொட்டு விட்டாள். கண்ணை மூடச் சொல்லி, மருந்து மூக்குக்குள் இறங்கிவிடாமல் மூக்கோரம் விரலால் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவை விட நீ பரவால்லடி" என்றாள் அக்கா.

"அவர் மட்டும் இப்ப இருந்திருந்தா, உனக்கு முன்னாடி எனக்கு விட்டிருப்பார்."

"ஆமா, நீதானே செல்லம்."

அன்று வாண்டு வீட்டுக்குக் கிளம்பவில்லை. தனித் துண்டு, தனித் தலையணை என்று கறாராகப் பிரித்து வைத்துவிட்டு, அக்காவுக்கு எதிரே பாயை விரித்தாள். பொழுது சாயும்வரை இருவரும் அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.