சகாயமேரியின் கையெழுத்து

ஆல்பின் வாத்தியாரின் கையில் ஒரு வரம் இருந்தது. பள்ளிக்கூடப் பரிசுச் சான்றிதழ்களில் அவர் எழுதிய பெயர்களைத் திருநகரில் எத்தனையோ வீடுகளில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அத்தோடு நின்றிருக்கலாம். யாருடைய எழுத்தையும் ஒருமுறை பார்த்தால் அச்சு அசலாக எழுதிவிடுவார் என்பதைச் சக வாத்தியார் சோலை கண்டுபிடித்ததுதான் வினை.

"அண்ணே, டாக்டர் எழுதுன மாதிரி ரெண்டே வரி, ஒரு லீவுக்கு. உங்க கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

காசு வாங்கவில்லை மனுஷன். புகழ்ச்சிக்கே உச்சி குளிர்ந்துபோனார். சோலைக்கு எழுதியவர், பிறகு சோலை கூட்டிவந்தவர்களுக்கெல்லாம் எழுதினார். மனைவி சகாயமேரியின் அண்ணன் லாசர்கூட, கல்லுப்பட்டியிலிருந்து வந்து மஞ்சள்காமாலை என்று ஒன்று எழுதி வாங்கிக்கொண்டு, குடும்பத்தோடு வேளாங்கண்ணி போய்வந்தார். மகள் ஆன்சியைச் சிரிக்கவைக்க, அவள் அம்மாவின் எழுத்திலேயே 'இன்று ஆன்சிக்குப் பால் வேண்டாம்' என்று எழுதி டம்ளருக்கடியில் வைப்பார்.

சகாயமேரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"ஆண்டவர் குடுத்த கைங்க இது. கண்டவங்க பொய்க்கெல்லாம் குடுத்து அழுக்காக்காதீங்க."

"ஒரு பேப்பர்ல என்ன ஆயிரப்போகுது?" என்றார் ஆல்பின்.

இரண்டாயிரத்து ஒன்றில் புற்றுநோய் சகாயமேரியைக் கொண்டுபோயிற்று. கடைசி வாரம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினாள். 'ஆன்சி அவள் அப்பாவிடமே வளரட்டும் அண்ணே. பிரித்துவிடாதீர்கள்.' அண்ணன் பிள்ளையைக் கேட்டால் இந்தக் கடிதத்தைக் கொடுங்கள் என்று கணவரிடம் தந்தாள். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்து, சாப்பாடும் ஆனபிறகு லாசர் பேச்செடுத்தார். பொம்பளை இல்லாத வீட்டில் எட்டு வயதுப் பெண்பிள்ளை வேண்டாம், கல்லுப்பட்டிக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். ஆல்பின் பைபிளுக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார்.

லாசருக்குக் கண் கலங்கியது. இரண்டுமுறை படித்தார்.

"தங்கச்சி எழுத்து மாதிரியேதான் இருக்கு மாப்ள. எனக்குக் குடுத்த சர்ட்டிபிகேட்டும் டாக்டர் எழுத்து மாதிரியேதான இருந்துச்சு. ஆபீசுல ஒருத்தனும் கண்டுபிடிக்கல."

"மச்சான், சத்தியமா இது அவ எழுதுனது."

லாசர் கடிதத்தை மடித்தார். ஜெபத்துக்கு வந்திருந்த சோலையைப் பார்த்தார் ஆல்பின். ஆயிரம் தடவை அந்தக் கையைப் புகழ்ந்தவன், இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுதிய பொய்யையெல்லாம் ஊரே நம்பியது; எழுதாத இந்த ஒன்றை நம்ப ஒரு ஆள் இல்லை.

ஆன்சி கடிதத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு அப்பாவின் காதருகே வந்து கேட்டாள்.

"அப்பா, இது அம்மா எழுதுனதா, நீங்க எழுதுனதா?"

"அம்மாதான், கண்ணு."

டம்ளருக்கடியில் கிடக்கும் சீட்டைப் பார்ப்பதுபோலவே அதை இன்னொரு தடவை பார்த்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்கப்பா," என்று அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, மாமாவோடு போகத் துணிப்பையை எடுக்க உள்ளே போனாள்.